நோயினின்று மீண்டவரின் கடன்

நோயினின்றும் மீண்ட ஒருவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? இக் கேள்வியை நம்மில் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. எனினும் நம் வீட்டு வழக்கங்களில் அதற்கு ஒரு விடை இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் ஒருவர் கடும் நோயில் விழுந்துவிட்டால், அவர் எழுந்து நடமாடும் நாளில் இத்தனை ஏழைகளுக்கு உணவளிப்பதாகத் தாயோ மனைவியோ நேர்ந்துகொள்கின்றனர். அவர் தேறியதும் ஆடு அறுக்கப்படுகிறது. அக்கம்பக்கத்திற்குச் சோறு போகிறது. நேர்ச்சை நிறைவேறிற்று என்ற நிம்மதி வீட்டில் பரவுகிறது. கடன் இறைவனுக்கு, அதனைப் பெற்றுக்கொள்வோர் ஏழைகள். இதில் நோயாளி செய்யவேண்டியது ஏதுமில்லை. அவருக்காகப் பிறர் நேர்ந்தனர். அவருக்காகப் பிறரே நிறைவேற்றினர். அவரோ கட்டிலில் சாய்ந்தவண்ணம், நலம் விசாரிக்க வருவோர்க்கெல்லாம் ஒரே விடையைத் திரும்பத் திரும்பக் கூறிக்கொண்டிருக்கிறார்.

மேலை நாடுகளில் கடந்த சில பத்தாண்டுகளாக வேறொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றுத் தேறியவர், சில வேளைகளில் இன்னும் தேறிக்கொண்டிருப்பவர், தாமே எழுந்து வந்து, "இன்ன நாளில் இத்தனை தொலைவு நடக்கப்போகிறேன், என் நடைக்காக நீங்கள் பொருள் தரவேண்டும்" என்று உற்றாரிடமும் உடன் பணிபுரிவோரிடமும் கேட்கிறார். சேரும் பொருளில் ஒரு காசும் அவருக்கில்லை. நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் துணைநிற்கும் அறநிலையத்திற்கோ, நோயின் மூலத்தை ஆராயும் நிலையத்திற்கோ அது போய்ச் சேருகிறது. புற்றுநோய்க்குத் தம் தந்தையைப் பறிகொடுத்த டக்ளஸ் மக்மிலன் என்பார் 1911ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கிய சிறு சங்கம், இன்று அந்நாட்டின் பெரும் அறநிலையங்களுள் ஒன்று. இத்தகைய நடைகளால் சேரும் பொருளும் அதனைத் தாங்கி நிற்கிறது.

முதன்முறை இதனைக் கேள்வியுறுவோர்க்கு வியப்பே மேலிடும். நடையினால் விளைவது யாது? உழவர் நடந்தால் நிலம் உழப்படுகிறது. தபால்காரர் நடந்தால் கடிதம் வந்து சேருகிறது. நோயினின்றும் எழுந்த ஒருவர் இருபது கிலோமீட்டர் நடப்பதனால் ஒரு படி அரிசியும் விளைவதில்லையே! கொடுக்க மனமுடையோர் அவரை நடக்கவிடாமலே கொடுத்துவிடலாம் அன்றோ? மெலிந்த உடலொன்று வியர்த்துக் களைத்து வருவதைக் கண்டால்தான் நம் பணப்பை திறக்கும் என்றால், அதற்கு ஈகை என்று பெயரா, வேடிக்கை பார்த்ததற்குக் கட்டணம் என்று பெயரா?

கடுமையான கேள்விதான். எனினும் அதனை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இவ் வழக்கம் உலகெங்கும் பரவுவதற்குக் காரணமாயிருந்தோருள் முதன்மையான ஒருவரின் வரலாற்றோடு சேர்த்து அதனை ஆராய்வோம்.

டெர்ரி ஃபாக்ஸ் 1958ஆம் ஆண்டில் கனடாவில் பிறந்தவர். கூடைப்பந்தாட்டத்தில் பேரார்வம் கொண்ட இளைஞர். 1977 மார்ச்சில் அவருடைய வலக்கால் எலும்பில் புற்று இருப்பது தெரியவந்தது. முழங்காலுக்கு மேலே காலை வெட்டி அகற்றினர். அப்பொழுது அவருக்கு வயது 18. அதன்பின் 16 மாதங்கள் மருந்து. உடலில் ஏறும் நஞ்சுக்கு நிகரான அம் மருந்தின் கொடுமையைவிட, அந்த மருத்துவமனையில் தம்மோடு இருந்த சிறுவர் சிறுமியர் பட்ட பாடே அவர் நெஞ்சைத் தைத்தது. சிலர் வீடு திரும்பினர், சிலர் திரும்பவில்லை.

அவரிடம் மருத்துவர்கள் ஒரு கணக்கைக் கூறினார்கள். அவர் பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 பங்கு வாய்ப்பு இருந்தது. அதே நோய் இரண்டே ஆண்டுகள் முந்தி வந்திருந்தால் வாய்ப்பு நூற்றுக்கு 15தான். இடைப்பட்ட முப்பத்தைந்து பங்கும் எங்கிருந்து வந்தது? அவருடைய உடல் வலிமையினால் வரவில்லை. பெற்றோரின் செல்வத்தினாலும் வரவில்லை. முன்பின் அறியாத எவரெவரோ கொடுத்த பொருளும், எவரெவரோ செய்த ஆராய்ச்சியும் அதனை அவருக்கு ஈட்டித் தந்திருந்தன. உயிர் பிழைத்ததைத் தம் பேறென்று மட்டும் கருதி மகிழாமல், தம் கைக்கு வந்துசேர்ந்த கடனென்று அவ்விளைஞர் கருதியதற்கு இக் கணக்கே காரணம்.

இக் கடனின் மூலத்தைத் தேடிச் சென்றால் நாம் எதிர்பாராத இடங்களில் போய் நிற்கிறோம். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றினால் சாவின் விளிம்பிலிருந்த 16 குழந்தைகளுக்குப் புதிய மருந்தொன்றைக் கொடுத்து, அதன் விளைவை வெளியிட்டார். அவர்களுள் 10 குழந்தைகளின் நோய் தணிந்தது. தணிந்ததேயன்றி நீங்கவில்லை, சில திங்களில் மீண்டும் தலைதூக்கிற்று. அம் மருந்தை ஃபார்பருக்கு ஆக்கி அளித்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தில், ஆந்திரப் பகுதியில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்; அவருடைய பெயரை அறிந்தோர் இன்றும் நம்மிடையே சிலரே. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த மருந்தினத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் என்பதனை மிகப் பெரிய அளவில் செலுத்தி, உடனே மாற்று மருந்தினால் உடலைக் காத்துக்கொள்ளும் முறை, 1970களில் எலும்புப் புற்றுக்குக் கையாளப்படலாயிற்று. அறுவையை மட்டுமே நம்பியிருந்த காலத்தில் கைவிடப்பட்டோர் பலர் அதனால் பிழைத்தனர்.

ஆகவே, 1977இல் பிழைத்த ஓர் இளைஞர், 1948இல் பிழைக்காமற் போன குழந்தைகளுக்குக் கடன்பட்டிருந்தார். அவர்களின் சிறு உடல்களில் கற்றதே பின்னால் வந்தோர்க்கு உதவிற்று. அக் குழந்தைகளுக்கு எவ்வாறு திருப்பிச் செலுத்துவது? செலுத்த இயலாது. கடன் கொடுத்தவர் இல்லை. அவர் பெயர் தெரியாது. ஏட்டில் எண்ணாக மட்டும் நிற்கிறார். வணிகம் செய்வோர் நம்மில் பலர் உளர். இத்தகைய கடனை அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். கடன் கொடுத்தவரும் அவர் வாரிசும் அகப்படாவிட்டால், அவர் பெயரால் அத்தொகையை ஏழைகளுக்கு வழங்கிவிடுவதே நேர்மையான வணிகர் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் முறை. பின்னோக்கிச் செலுத்த இயலாததை முன்னோக்கிச் செலுத்துகின்றனர். ஃபாக்ஸ் செய்ததும் அதுவே.

1980 ஏப்ரல் 12ஆம் நாள், கனடாவின் கீழ்க்கோடியிலுள்ள செயிண்ட் ஜான்ஸ் நகரில், அட்லாண்டிக் கடலில் தம் செயற்கைக் காலை நனைத்துவிட்டு அவர் புறப்பட்டார். இரண்டு புட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டார். ஒன்றை நினைவுக்கு வைத்துக்கொள்ளவும், மற்றொன்றை நாட்டின் மேற்குக் கரையை அடைந்ததும் பசிபிக் கடலில் ஊற்றவும் எண்ணம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். அதனை ஓட்டமென்று உலகம் கூறுகிறது. உண்மையில் அது நடைக்கும் ஓட்டத்திற்கும் இடைப்பட்ட ஒன்று. அக்காலச் செயற்கைக் கால் நடப்பதற்கென்றே செய்யப்பட்டது, ஓட்டத்தைத் தாங்காது. ஆகையால் நல்ல காலை இருமுறை ஊன்றித் துள்ளி, பிறகு செயற்கைக் காலை ஒருமுறை ஊன்றி, மீண்டும் துள்ளி, இவ்வாறே அவர் நாடு கடந்தார். அவருடைய நண்பர் ஒருவர் ஊர்தியை ஓட்டிக்கொண்டு முன்னால் சென்று, குறித்த இடத்தில் தண்ணீருடன் காத்திருப்பார். உணவு சமைப்பதும் துணி துவைப்பதும் அவரே. இந் நண்பரைப்பற்றி எவரும் சிலை எழுப்பியதாகத் தெரியவில்லை!

முதலில் பொருள் சேரவில்லை. சாலையில் சென்ற ஊர்திகள் அவரை ஒதுக்கித் தள்ளின. பல ஊர்களில் அவர் வருவதே எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பின்னர், போர்ட்-ஓ-பாஸ்க் என்னும் சிற்றூரார் அவரை வரவேற்று 10,000 டாலருக்கு மேல் திரட்டித் தந்தனர். அவ்வூரின் மக்கள்தொகையும் ஏறத்தாழ பத்தாயிரமே. தலைக்கு ஒரு டாலர்! நாடு முழுவதும் இவ்வாறே கொடுத்தால் என்ன என்ற எண்ணம் வலுத்தது. பெருஞ்செல்வர் ஒருவர் ஒரே காசோலையில் தந்துவிடக்கூடிய தொகையை, ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டி, குழந்தையின் உண்டியலிலிருந்தும் பெறவேண்டும் என்பதில் ஓர் உட்பொருள் உண்டு. இந்நோய் எவர் வீட்டுக் கதவையும் தட்டக்கூடியது. அது வந்தபின் கொடுப்பதைவிட, வராதபோதே ஒவ்வொரு வீட்டாரும் அதில் பங்கு கொள்வது மேல்.

இவ்விடத்தில் நடையைப்பற்றிய நம் முதற் கேள்விக்கு மீளலாம். ஏன் நடை? பாய் பின்னியோ, பாட்டுப் பாடியோ பொருள் திரட்டலாகாதா? திரட்டலாம். ஆயினும் நோயாளியைப் பேணிய எவரும் ஒன்றை அறிவர். நோய் தணிவதை வீட்டார் அளப்பது நடையைக்கொண்டுதான். "இன்று தாமே எழுந்து குளியலறை வரை போனார்"; "இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வந்தார்"; "இன்று பள்ளிவாசலுக்கு நடந்தே சென்று வந்தார்." தொலைவிலுள்ள மகனுக்கு எழுதும் கடிதத்தில் மருத்துவரின் சொற்களை விட இவ்வடிகளின் கணக்கே முதலில் இடம்பெறும். அக் கணக்கைத் தெருவிற்குக் கொண்டுவந்து, ஊரார் முன்னிலையில் தொடர்ந்து எண்ணுவதே இந் நடை.

மற்றொன்றும் உண்டு. நீண்ட நோய் மனிதரை ஓயாது பெறுபவராக்கிவிடுகிறது. உணவும் பெறுகிறார், மருந்தும் பெறுகிறார், பிறரின் உறக்கத்தையும் உழைப்பையும் பெறுகிறார். நன்றி கூறிக் கூறி நாவும் சலித்துப்போகிறது. உழைத்து உண்டு பழகிய தந்தைக்கும், பத்துப் பேருக்குச் சமைத்துப் பரிமாறிப் பழகிய தாய்க்கும் இது வலியைவிடக் கொடியது. தம்மாலும் ஒருவருக்குக் கொடுக்க இயலும் என்ற நிலை மீண்டும் வரும்பொழுதுதான் அவர் உண்மையில் நோயினின்றும் எழுகிறார். நடந்து பொருள் திரட்டுபவரின் முகத்தில் நாம் காணும் மலர்ச்சி இதனால்தான் என்று கருதுகிறோம். நம் நேர்ச்சை முறையில் இல்லாத ஒன்று இது. நம் வீட்டு நோயாளியைக்கூட, அவர் விரும்பினால், சோற்றைத் தம் கையாலேயே எடுத்து வழங்கச் சொல்லலாமே!

விரும்பினால் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். ஸகாத் என்பது கணக்கிட்டுச் செலுத்தவேண்டிய கடமை. ஸதகா என்பது உவந்தளிப்பது. இவ் வேறுபாட்டை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. நோயினின்று மீண்டவர் தமக்குள் உணரும் கடன், வெளியிலுள்ள எவரும் வந்து தண்டக்கூடிய கடனன்று. அவர் தம்மைக் கடனாளியென்று கருதிக்கொள்ளலாம். நாம் அவரை அவ்வாறு கருத நமக்கு உரிமையில்லை. "நீர் பிழைத்துவிட்டீரே, நீர் ஏன் நடக்கலாகாது?" என்று கேட்பது கொடுமை. மருந்து நின்று பல ஆண்டுகளாகியும் கைகால் மரத்துப்போய், பத்தடி நடந்தால் மூச்சிரைக்கும் நிலையில் பலர் உளர். நோயைப்பற்றி மீண்டும் பேசவே விரும்பாதோரும் உளர். நடப்பவரை வீரரென்று பாராட்டும்பொழுது, நடவாதவரைக் கோழையென்று கூறாமற் கூறிவிடுகிறோமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறந்தவர் "போராட்டத்தில் தோற்றார்" என்று எழுதுவதும் இத்தகையதே. புற்றுநோய் மல்யுத்தமன்று, அதில் தோற்றவர் எவருமிலர்.

ஃபாக்ஸின் வரலாற்றிலேயே நாம் தயங்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. புறப்படுமுன் சோதித்ததில் அவருடைய இதயம் சற்றுப் பெருத்திருப்பது தெரியவந்தது. இதயத்தில் கோளாறு தோன்றினால் உடனே நிறுத்திவிடுவதாக வாக்களித்த பிறகே மருத்துவர் இசைந்தனர். வழியில் வெட்டுண்ட காலின் முனையில் புண் கண்டது; முழங்கால் வீங்கிற்று. ஓய்வெடுக்கும்படி பலர் வற்புறுத்தியும் அவர் கேட்கவில்லை. அவரைக் கடிந்தோரும் இருந்தனர். உடல் ஓர் அமானிதம் என்று கருதிப் பழகிய நமக்கு, இந்த ஒன்றில் அவரைப் பின்பற்றுமாறு எவரிடமும் கூற மனம் வரவில்லை. அவர் பிடிவாதத்தை வியக்கலாம். அதனைப் பாடமாக வைக்கலாகாது. நம் பிள்ளைகளுக்கு இவ் வரலாற்றைக் கூறுவோர் இப் பகுதியையும் மறையாமல் கூறுதல் நலம்.

143ஆம் நாள், 1980 செப்டம்பர் 1. தண்டர் பே நகரின் அருகே இருமலும் நெஞ்சுவலியும் அவரை நிறுத்திவிட்டன. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை கடந்த தொலைவு 5,373 கிலோமீட்டர்; அதுவரை சேர்ந்த தொகை 17 லட்சம் டாலர். அவர் படுக்கையில் விழுந்த ஒரு வாரத்தில், தொலைக்காட்சி நிலையமொன்று ஐந்து மணி நேர நிகழ்ச்சியின் மூலம் ஒரு கோடியே 5 லட்சம் டாலர் திரட்டிற்று. 1981 பிப்ரவரிக்குள் மொத்தத் தொகை 2 கோடியே 41 லட்சத்தைக் கடந்தது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் அவ்வளவே. தலைக்கு ஒரு டாலர் என்ற எண்ணம் நிறைவேறிற்று. அதே ஆண்டு ஜூன் 28ஆம் நாள், 23ஆம் பிறந்தநாளுக்கு ஒரு திங்கள் இருக்க, அவர் காலமானார்.

இவ்வெண்களை நாம் பலமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தோம். ஐந்து திங்கள் நடந்து சேர்த்தது 17 லட்சம். நடக்க இயலாமற் படுத்தபின் சேர்ந்தது இரண்டு கோடிக்கு மேல். பொருள் நடைக்குக் கூலியாக வந்ததென்றால், நடை நின்றதும் அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையே! மக்கள் இரக்கத்தால் கொடுத்தனர் என்று ஒருவர் கூறலாம், மறுப்பதற்கில்லை. மற்றொருவர், எஞ்சிய வழி தங்களுடையது என்று அவர்கள் உணர்ந்தனர் என்று கூறலாம். நாம் இதன் பக்கமே சாய்கிறோம். ஆனால் மூன்றாவதொன்றும் உறுத்துகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா, ஒண்டாரியோ என்னும் இரு மாகாண அரசுகள் அன்று தலா பத்து லட்சம் தந்தன. அத் தொகையை அவ்வரசுகள், ஓர் இளைஞர் சாலையோரம் விழும்வரை காத்திராமல் தந்திருக்கலாம். மருந்தும் ஆராய்ச்சியும் நோயாளிகளின் கால்களை நம்பியிருக்கும் நிலை ஒரு நாட்டுக்குப் பெருமையன்று.

கொடையை மறைத்தல் சிறப்பு என்று நம் இல்லங்களில் சிறுவயதிலேயே கற்பிக்கப்படுகிறது. அவ்வாறிருக்க, ஊரறிய நடந்து, ஊரறியக் கேட்டு, ஊரறியக் கொடுப்பது முறையா? மேலே கூறிய பாஸ்டன் நகரிலேயே மறைவான வழியும் ஒன்று இருந்தது. அதே 1948ஆம் ஆண்டின் மே திங்களில், ஃபார்பரிடம் மருத்துவம் பெற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவன் வானொலியில் பேசினான். அவனுடைய பெயரை மறைத்து "ஜிம்மி" என்றே அழைத்தனர். அக் குரலைக் கேட்டு மக்கள் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினர். அப் பெயராலேயே பெரும் நிதியொன்று நிலைத்தது. ஜிம்மி இறந்திருப்பான் என்றே ஊர் நம்பிற்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1998இல்தான், அவர் உயிரோடு இருப்பதும், ஐனர் குஸ்டாஃப்சன் என்பது அவர் பெயர் என்பதும், சரக்கு ஊர்தி ஓட்டிப் பிழைத்தவர் அவர் என்பதும் வெளிவந்தன. 2001இல் தம் 65ஆம் வயதில் அவர் இறந்தார். தம் பெயரால் கோடிகள் திரண்டதை அறிந்தும் அரை நூற்றாண்டு வாளாவிருந்த அவருடைய அடக்கம் நம் உள்ளத்திற்கு மிக உவப்பானது.

எனினும் இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் வெளிப்படாதிருந்த அந்த ஐம்பது ஆண்டுகளும், அந்நோய் வந்த குழந்தை பிழைக்காது என்பதற்கே ஜிம்மியை ஊரார் சான்றாகக் கொண்டிருந்தனர். பிழைத்தவர் ஒருவர் தம்மிடையே ஊர்தி ஓட்டிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கொடையை மறைப்பது வேறு. நோயை மறைப்பது வேறு. நம் குடும்பங்களில் முன்னதைவிடப் பின்னதே மிகுதியாக நடைபெறுகிறது. "அந்த நோய்" என்கிறோம், பெயரைச் சொல்வதில்லை. மகளின் திருமணப் பேச்சு நடக்கும்பொழுது தாய்க்கு மார்பில் கட்டி என்பது வெளியே தெரியலாகாது. கட்டியை முதலில் தொட்டறிந்த பெண், எவரிடம் கூறுவது என்று தயங்கியே பல திங்களைக் கழித்துவிடுகிறாள். காலத்தில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்ற மருத்துவரின் சொல்லுக்குப் பின்னால் இத்தகைய மௌனங்கள் எத்தனையோ! தலைமுடி கொட்டி மீண்டும் முளைத்த ஒருத்தி, தலையில் முக்காடிட்டுத் தெருவோடு நடந்து, "எனக்கு இந்நோய் வந்தது, இன்று நடக்கிறேன்" என்று கூறினால், அவள் திரட்டும் பணத்தைவிட அச்சொல் பெரிது. அதைக் கேட்டு, அடுத்த தெருவில் ஒருத்தி மருத்துவரிடம் செல்லக்கூடும். இத்தகைய வெளிப்படையைத் தற்புகழ்ச்சியென்று நாம் தள்ளமாட்டோம். உள்ளத்தின் நிய்யத்தை அறிவது நம் வேலையுமன்று.

நடந்தவரெல்லாம் புனிதராகிவிடுவதில்லை என்பதையும் கூறிவிடவேண்டும். ஃபாக்ஸைப் போலவே புற்றினால் 12 வயதில் ஒரு காலை இழந்த ஸ்டீவ் ஃபான்யோ என்பார், 1984இல் அதே கரையினின்று புறப்பட்டு, 1985இல் மேற்குக் கடலை அடைந்தே விட்டார். அவரும் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டினார். பிற்காலத்தில் அவர் வாழ்வு தடம் புரண்டது. வழக்குமன்றங்களில் தண்டனை பெற்றார். நாடு அளித்த விருதையும் 2009இல் திரும்பப் பெற்றுக்கொண்டனர். 2022இல் இறந்தார். விருதைத் திரும்பப் பெறலாம். அவர் திரட்டிய பொருளால் நடந்த ஆராய்ச்சியை எவரும் திரும்பப் பெற இயலாது. இருபது வயதுகூட நிரம்பாத ஒருவரைத் தோளில் ஏற்றிக் கொண்டாடிவிட்டு, அடுத்த ஆண்டே மறந்துவிட்ட கூட்டத்திற்கும் அவர் வீழ்ச்சியில் பங்கு இல்லையா என்று நமக்கு ஐயம்.

இக் காரணங்களாலேயே, தனியொருவர் நாடு கடக்கும் நெடுநடையைவிடப் பலர் சேர்ந்து நடக்கும் சிறுநடை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1985இல் அமெரிக்காவின் டக்கோமா நகரில் கோர்டன் கிளாட் என்னும் அறுவை மருத்துவர், விளையாட்டரங்கின் வட்டத் தடத்தை 24 மணி நேரம் விடாது சுற்றி 83 மைல் கடந்து, 27,000 டாலர் திரட்டினார். பின்னர் அது பல நாடுகளில் கூட்டு நடையாக வளர்ந்தது. அதில் முதற் சுற்று நோயினின்று மீண்டவர்களுக்கே உரியது. ஒருவர் மகனின் தோளைப் பற்றியபடி வருவார். ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார். இரவானதும் இறந்தோரின் பெயர் எழுதிய விளக்குகளைத் தடத்தின் ஓரமெங்கும் ஏற்றி வைக்கின்றனர். வட்டத் தடத்தில் சேருமிடம் என்று ஒன்றில்லை. ஆதலால் சேராமற் போனவரும் இல்லை.

திரளும் பொருள் யாதாகிறது என்பதும் கேட்கத்தக்கது. ஆராய்ச்சிக்குக் கொடுத்தல் கண்காணாத நாளைய நோயாளிக்குக் கொடுப்பது. துணைநிற்கும் பணிக்குக் கொடுத்தல் இன்று வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பது. வெளியூரிலிருந்து மருத்துவமனைக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணம், உடனிருப்பவர் தங்கும் இடம், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஆகிய இவையே ஒரு குடும்பத்தை முதலில் சாய்க்கின்றன. மருந்தை இலவசமாகப் பெற்றும், அதனைப் பெறச் செல்ல வழியின்றி இடையில் நிறுத்திவிடுவோரை நாம் அறிவோம். சென்னை அடையாற்றில் 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதன் பின்னணியிலும் இத்தகைய கடன் ஒன்று இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் இந்நோயால் மாண்டார். முப்பது ஆண்டுகள் அவ்வம்மையார் அதனை மறக்கவில்லை. பலரிடமும் கேட்டுத் திரட்டியே அதனை எழுப்பினார். அவர் நோயாளியல்லர்; நோயாளியைக் காப்பாற்ற இயலாதவர். அவர்களுக்கும் ஒரு கடன் உண்டு போலும்.

ஃபாக்ஸ் உயிரோடிருந்தபொழுதே, ஆண்டுதோறும் அவர் பெயரால் ஓர் ஓட்டம் நடத்த இசைவு கேட்டனர். போட்டியாக இருத்தல் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டனர். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவி, சென்னையிலும் நடந்திருக்கிறது. அவர் அன்னையார் பெட்டி ஃபாக்ஸ், 2011இல் தாம் இறக்கும்வரை அந் நிபந்தனையைக் காத்துவந்தார். முதலில் வந்தவர் யார் என்று அங்கே எவரும் குறித்துக்கொள்வதில்லை. பரிசு கிடையாது. இவ்வளவு பணம் கட்டினால்தான் சேரலாம் என்ற விதியுமில்லை. ஓட இயல்பவர் ஓடலாம், நடக்கலாம், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் வரலாம், களைத்தவர் பாதி வழியில் அமர்ந்துவிட்டால், எழுந்து வா என்று எவரும் அவரை அழைப்பதில்லை.